ஆண்டர்சனின் தன்வரலாறு: எதை முதற்பதிப்பு என்று கொள்வது?

ஓகூஸ் வாசகன்:

வணக்கம். பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பதில் அனுபவமுள்ளவர்களிடம் ஓர் ஐயத்தைக் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

நான் டென்மார்க்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறேன். வந்த புதிதில் மொழிப் பள்ளியில் எங்களுக்கு வாசிக்கத் தந்த முதற் கதை, ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சனின் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்து முடித்த அந்த இரவிலிருந்து அவரை விட்டு நான் விலகியதே இல்லை. அவருடைய கதைத் தொகுதிகள் பல என்னிடம் இருக்கின்றன. தன்வரலாற்றின் பழைய பதிப்பு ஒன்றுகூட இல்லை என்பது மட்டும் நெடுநாள் குறை.

சென்ற மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில் அவருடைய 'மிட் லிவ்ஸ் எவென்டூர்', அதாவது 'என் வாழ்க்கை என்னும் தேவதைக் கதை', கண்ணில் பட்டது. இரண்டு பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்து அரைத்தோலில் கட்டியிருக்கிறார்கள். தலைப்புப் பக்கத்தில் கோப்பன்ஹேகன், சி. ஏ. ரைட்சல் பதிப்பகம், 1855 என்று இருக்கிறது. 'முதற்பதிப்பு' என்று எழுதிய சிறிய அட்டையை உள்ளே செருகி, 1,800 குரோனர் விலை குறித்திருந்தார்கள். ஒரு வாரம் எடுத்துவைக்கும்படி கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடியபோது குழப்பமே மிஞ்சியது. ஜெர்மன் கடை ஒன்றின் பட்டியலில் 1847ஆம் ஆண்டு லைப்சிக் பதிப்பே உண்மையான முதற்பதிப்பு என்று இருக்கிறது. ஆண்டர்சனின் முதல் தன்வரலாறு 1926இல்தான் அச்சானது என்கிறார், என்னோடு வேலை செய்த ஒரு டேனிஷ் பெரியவர். இவற்றில் எது சரி? மேலும், நான் பார்த்த பிரதியில் பழைய காகித உறை இல்லை; முதுகுத் தோல் மேலும் கீழும் உரிந்திருக்கிறது; முன் தாளில் 1856 என்ற ஆண்டோடு யாரோ ஒருவரின் பெயர் மையால் எழுதப்பட்டிருக்கிறது; ஓரங்களில் பென்சில் குறிப்புகளும் உண்டு. வாங்கினால் புதுக் கட்டுப் போட்டு, பென்சில் குறிப்புகளை அழித்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். தங்கள் அறிவுரையை எதிர்பார்க்கிறேன்.

பழம்பதிப்பு:

ஐயா, அழிப்பானை முதலில் கீழே வைத்துவிடுங்கள். அதைப் பற்றி நூற்கட்டு அறிந்தவர்கள் சொல்வார்கள். பதிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் எந்தக் கடைக்காரரும் அல்லர், ஆண்டர்சனேதான். தம் வாழ்க்கையை ஒரு முறை எழுதி முடித்துவிட்டு அமைந்தவர் அல்லர் அவர். 1832இல், 27 வயது இளைஞராக, இன்னும் ஒரு தேவதைக் கதைத் தொகுதியைக்கூட வெளியிடாத காலத்தில், முதல் தடவை எழுதினார். அதை அவர் தம் வாழ்நாளில் அச்சிடவில்லை. அவரை ஆதரித்து வளர்த்த கொலின் குடும்பத்தாரின் தாள்களோடு அரச நூலகத்தில் கிடந்த அந்தக் கைப்பிரதியை ஹான்ஸ் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1926இல் வெளியிட்டார். இன்று அதை 'லெவ்னெட்ஸ்போகென்', அதாவது 'வாழ்க்கை நூல்', என்று அழைக்கிறார்கள். உங்கள் டேனிஷ் நண்பர் சொன்னது இதைத்தான். எழுதப்பட்ட வரிசையில் அது முதலாவது. அச்சேறிய வரிசையில் மிகப் பிந்தியது.

இரண்டாம் தடவை எழுதியது 1846ஆம் ஆண்டுப் பயணத்தில். நேப்பிள்ஸ் நகரத்தின் கடும் கோடை வெயிலில் எழுதி, பிரான்சின் தென் எல்லையில் பிரனீஸ் மலையடிவாரத்து வெர்னே என்ற ஊரில் முடித்தார். லைப்சிக் நகரத்தில் கார்ல் லோர்க் வெளியிடவிருந்த ஜெர்மன் தொகுப்பு நூல்களுக்கு ஒரு வாயிலாக அமைய வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்பட்டது. ஆகவே டேனிஷ் மொழியில் எழுதிய கைப்பிரதி ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவே முதலில் உலகத்தைப் பார்த்தது. 1847இல் வந்த 'டாஸ் மேர்ஷென் மைனஸ் லேபென்ஸ் ஓனே டிஷ்டுங்', அதாவது 'புனைவு கலவாத என் வாழ்க்கைக் கதை', அந்தத் தொகுப்பின் முதல் இரண்டு பாகங்கள். அதன் டேனிஷ் மூலம் அச்சேற 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. எச். டோப்சோ-யென்சன் அதைப் பதிப்பித்தார்.

மூன்றாவதுதான் நீங்கள் பார்த்த 1855ஆம் ஆண்டு நூல். தம் நாட்டு வாசகர்களுக்காக அனைத்தையும் புதிதாக விரித்து எழுதி, தமது ஐம்பதாம் பிறந்தநாளான 1855 ஏப்ரல் 2 வரை கொண்டுவந்து நிறுத்தினார். ரைட்சல் வெளியிட்ட அவருடைய தொகுப்பு நூல்களில் இது 21, 22ஆம் பாகங்கள். ஆகவே கடைக்காரரின் அட்டை பொய் சொல்லவில்லை. 'முதல் டேனிஷ் பதிப்பு' என்று எழுதியிருந்தால் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இதே தொகுப்பு நூல்களின் இரண்டாம் பதிப்பு 1876இல் தொடங்கி வெளிவந்தது. அதிலும் தன்வரலாறு இதே தலைப்போடு இருக்கிறது. இரண்டு பதிப்புகளிலும் நகரத்தின் பெயர் பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கும். பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். டேனிஷ் எழுத்துமுறை 1948இல் சீர்திருத்தப்படும் வரை அப்படித்தான் அச்சிட்டார்கள். எனவே எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் காலத்தைக் கணிக்க வேண்டாம். இரண்டு பாகங்களின் தலைப்புப் பக்கங்களிலும் உள்ள ஆண்டைத் தனித்தனியே பாருங்கள். வெவ்வேறு பதிப்புகளின் பாகங்களைச் சேர்த்து ஒரே நூலாகக் கட்டிய பிரதிகளை மற்ற எழுத்தாளர்கள் விஷயத்தில் நான் கண்டிருக்கிறேன்.

லைப்சிக் தமிழன்:

பழம்பதிப்பு ஐயா தந்த வரலாற்றில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனால் அவர் முடிவை மென்மையாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு தன்வரலாறு முதன்முதலில் நூல்வடிவில் அச்சேறியது எப்போது என்பதுதான் சேகரிப்பாளரின் கேள்வி. அதற்கு விடை 1847, லைப்சிக். அது மொழிபெயர்ப்பாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. அந்தத் தொகுப்பின் தலைப்புப் பக்கத்திலேயே 'ஆசிரியர் தாமே கவனித்து வெளியிடும் பதிப்பு' என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. பதிப்பாளர் லோர்க்கும் கோப்பன்ஹேகனில் பிறந்தவரே. சொந்த நாட்டு விமர்சகர்கள் ஆண்டர்சனைக் கடிந்துகொண்டிருந்த காலத்தில், வைமார் அரண்மனையும் ஜெர்மன் வாசகர்களும் அவரைக் கொண்டாடினார்கள். தம் கதையை முதலில் இங்கே சொல்ல அவர் விரும்பியதில் வியப்பில்லை.

இங்கே ஏலங்களிலும் பழைய கடைகளிலும் இந்த இரண்டு பாகங்கள் தனியாகக் கிடைப்பதுண்டு. முழுத் தொகுப்பிலிருந்து பிரிந்து வந்தவை அவை. வாங்கும்போது தொகுப்பின் பெயர் தாங்கிய தலைப்புத் தாளும் தன்வரலாற்றுக்கு உரிய தலைப்புத் தாளும் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். தொகுப்பின் தாளைக் கிழித்துவிட்டுத் தனி நூல்போல விற்பதும் நடக்கிறது. அப்படி ஒரு பிரதியை, விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி, படம் கேட்காமல் வாங்கி நான் வருந்தியிருக்கிறேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

அதே 1847இல் லண்டனில் லாங்மன் நிறுவனம் மேரி ஹோவிட் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. ஜெர்மனிலிருந்து பெயர்க்கப்பட்ட அந்த நூலை அவர், ஆண்டர்சன் மனத்தைப் பறிகொடுத்திருந்த சுவீடன் நாட்டுப் பாடகி யென்னி லிண்டுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். பாஸ்டன் பதிப்பும் அதே ஆண்டில் வந்துவிட்டது. அதாவது, உங்கள் டேனிஷ் பதிப்பு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இந்த வாழ்க்கையை வாசித்து முடித்திருந்தார்கள். முதற்பதிப்பு வேண்டுமென்றால் பொறுத்திருந்து லைப்சிக் பிரதியைத் தேடுங்கள் என்பதே என் கருத்து.

பழம்பதிப்பு:

நண்பர் லைப்சிக் தமிழனின் வாதம் வலுவானது. ஆனால் ஒரு படி விட்டுப்போகிறது. 1855ஆம் ஆண்டு நூல், 1847ஆம் ஆண்டு நூலை டேனிஷ் மொழியில் திருப்பித் தந்ததாக இருந்திருந்தால் நானும் அவர் பக்கமே நின்றிருப்பேன். அப்படி இல்லை. 1855இல் வந்தது வேறு பாடம்: ஏறக்குறைய பத்து ஆண்டு வாழ்க்கை கூடியிருக்கிறது, பழைய பகுதிகளும் விரிந்திருக்கின்றன, யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதும் மாறியிருக்கிறது. அந்நியருக்குத் தம்மை அறிமுகப்படுத்தும் ஒருவரின் குரல் முதல் நூலில் கேட்கிறது. தம்மை அறிந்தவர்கள் முன், அவர்களில் சிலர் தம்மைப் புண்படுத்தியவர்கள் என்ற நினைவோடு பேசுகிறவரின் குரல் இரண்டாவதில். ஆகவே 1855 நூல் அந்தப் பாடத்துக்கு முதற்பதிப்பேதான். அவர் தம் தாய்மொழியில் அச்சிட்டு வெளியிட்ட முதல் தன்வரலாறும் அதுவே. டேனிஷ் மொழியைப் பாடுபட்டுக் கற்ற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பிரதி இருக்க முடியாது என்று நான் கருதுகிறேன்.

நூற்கட்டுநர்:

வணக்கம். பழைய நூல்களைச் செப்பனிடுவது என் தொழில். கேள்வியில் இருந்த 'புதுக் கட்டு' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் நூல்கள் பெரும்பாலும் மெல்லிய காகித உறையோடு தைத்து விற்கப்பட்டன. வாங்கியவர் தம் வசதிக்கேற்பக் கட்டுநரிடம் கொடுத்துத் தோலோ துணியோ போட்டுக்கொண்டார். பிரிட்டனில் 1840களிலேயே பதிப்பாளரே துணிக் கட்டுப் போட்டு விற்பது வழக்கமாகிவிட்டதால், அங்கே 'மூலக் கட்டு' என்பதற்குப் பொருள் வேறு. உங்கள் பிரதியில் இருப்பது, 1856இல் பெயர் எழுதிய அந்த முதல் உரிமையாளரோ அவருக்கு அடுத்தவரோ அந்தக் காலத்திலேயே போட்ட கட்டாக இருக்கலாம். அப்படியானால் அதுவும் நூலின் வரலாற்றில் ஒரு பகுதி. அதைப் பிரித்தெறிந்து பளபளக்கும் புதுத் தோல் போட்டால் நூல் அழகாகத் தெரியும்; சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்புக் குறைந்துவிடும். முதுகுத் தோலின் உரிந்த ஓரங்களை, பழைய தோலை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் ஜப்பானியக் காகிதமோ அதே நிறமுள்ள மெல்லிய தோலோ கொடுத்து ஒட்டிவிடலாம். கோதுமை மாவுப் பசையே போதும். பின்னொரு நாள் வேண்டுமானால் ஈரம் காட்டி எடுத்துவிட முடியும். செல்லோடேப்பைத் தயவுசெய்து அருகிலேயே கொண்டுபோக வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி விட்டுச் செல்லும் மஞ்சள் கறையை முழுமையாக நீக்குவது மிகக் கடினம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இத்தகைய நூல்கள் பெரிய தாள்களில் அச்சடித்து மடித்துத் தைக்கப்பட்டவை. மடிப்பு ஒவ்வொன்றும், தமிழ்நாட்டு அச்சகத்தார் சொல்வது போல, ஒரு ஃபாரம். ஃபாரத்துக்குப் பெரும்பாலும் 16 பக்கம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதற் பக்கத்தின் அடியிலும் சிறிய எண் ஒன்று அச்சாகியிருக்கும். அந்த எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் எங்கே தாள் விடுபட்டிருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பக்க எண்களை மட்டும் பார்த்தால், எண் இடப்படாத முன் தாள்கள் காணாமற்போனதை அறிய முடியாது. தலைப்புப் பக்கத்துக்கு முன்னால், நூலின் பெயரை மட்டும் தாங்கிய முன்தலைப்புத் தாள் ஒன்று இருப்பது வழக்கம். டேனிஷ் கடைக்காரர்கள் அதை 'ஸ்முட்ஸ்டிட்டல்' என்பார்கள். கட்டுநர்கள் இரக்கமில்லாமல் வெட்டி எறிந்த தாள் அது. அரச நூலகம் தந்திருக்கும் மின்படிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் பிரதியில் இருக்க வேண்டியவை எவை என்று தெரியும்.

பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அஞ்ச வேண்டாம். 1855 அளவில் காகிதம் பெரும்பாலும் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. புள்ளி விழுந்தாலும் தாள் வளைந்து கொடுக்கும். மரக்கூழ்க் காகிதம் பரவிய பின்னாளைய நூல்கள்தாம் ஓரத்திலிருந்து பழுத்து நொறுங்குகின்றன. தாளின் மூலையை மெதுவாக வளைத்துப் பாருங்கள், விரலே சொல்லிவிடும். நூலை ஹீட்டர் அருகிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்காமல், அமிலமற்ற அட்டையில் அளவெடுத்துச் செய்த பெட்டிக்குள் வையுங்கள்.

பென்சில் குறிப்புகளை அழிக்க வேண்டாம். ஆண்டர்சன் உயிரோடிருந்த காலத்தில், அவருடைய கதையை ஒரு டேனிஷ் வாசகர் எந்த வரியில் நின்று வாசித்தார் என்பதற்கு அவை சான்றாக இருக்கக்கூடும். அதை அழித்துவிட்டால் மீண்டும் எழுதித் தர எவராலும் முடியாது.

வடகடல்:

இந்தத் தேடலில் நான்காவது நூல் ஒன்றும் இருப்பதை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன். நியூயார்க்கில் ஹர்டு அண்ட் ஹௌட்டன் பதிப்பகம் 1871இல் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு அது. அதன் பின்னணியில் இருந்தவர் ஹொரேஸ் ஸ்கட்டர் என்ற இதழாசிரியர். ஆண்டர்சனுக்காகவே டேனிஷ் மொழியைக் கற்றவர். அயல்நாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்கச் சட்டம் 1891 வரை காப்புரிமை தரவில்லை. யாரும் யாரையும் கேளாமல் அச்சிடலாம் என்ற நிலை. அந்தச் சூழலில் இவர்கள் ஆண்டர்சனோடு உடன்பாடு செய்துகொண்டு 'ஆசிரியர் பதிப்பு' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். அவரும் இந்தப் பதிப்புக்கென்று 1855க்குப் பிந்திய ஆண்டுகளின் கதையைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். 1867 டிசம்பரில் ஓடென்சே நகரம் தன் செருப்புத் தைப்பவரின் மகனுக்கு நகரின் கௌரவக் குடிமகன் என்ற சிறப்பைத் தந்து, தெருவெல்லாம் விளக்கேற்றிய நிகழ்ச்சியோடு அது முடிகிறது. சிறுவனாக அவர் ஊரை விட்டுப் புறப்படுமுன், ஒரு நாள் இவனுக்காக ஓடென்சே விளக்கேற்றும் என்று ஒரு கிழவி குறி சொன்னாளாம். அந்த நாள் உண்மையாகவே வந்தபோது பல்வலியால் துடித்துக்கொண்டு நின்றாராம் அவர்.

இந்தப் பகுதி டேனிஷ் மொழியில் நூலானது, ஆண்டர்சன் 1875இல் மறைந்த பிறகு, 1877இல்தான். ஆக, 1847 நூல் ஜெர்மனில் முதலில் வந்ததுபோல, வாழ்க்கையின் கடைசிப் பகுதி ஆங்கிலத்தில் முதலில் வந்தது. முதற்பதிப்பு என்ற சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டால் மூன்று மொழிகளில், மூன்று நகரங்களில் தேட வேண்டியிருக்கும். ஆண்டர்சனைச் சேகரித்த டேனிஷ்-அமெரிக்க நடிகர் ஜீன் ஹெர்ஷோல்ட் அப்படித்தான் தேடினார். அவர் திரட்டியவை 1950களில் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் அச்சுப் பட்டியல் இன்றும் பயன்படக்கூடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தன்வரலாறுகளைச் சேகரியுங்கள், நேசியுங்கள். ஆனால் அவற்றை மட்டும் வைத்து அவருடைய வாழ்க்கையை அறிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தாய் ஒருவரே, தந்தை வேறு என்ற முறையில் கரேன் மரி என்ற மூத்த சகோதரி ஒருவர் அவருக்கு இருந்தார். ஆண்டர்சன் தம் வாழ்நாளில் வெளியிட்ட எந்தத் தன்வரலாற்றிலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை. வாசிப்பதற்கு டோப்சோ-யென்சன் 1951இல் குறிப்புகளோடு பதிப்பித்த இரண்டு பாகங்களை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லப்பட்டது எது, மறைக்கப்பட்டது எது என்று அவர் பொறுமையாகக் காட்டியிருக்கிறார். பழைய பிரதியை அடிக்கடி புரட்டித் தேய்க்காமல் இருக்கவும் அது உதவும்.

ஓகூஸ் வாசகன்:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வேலை முடிந்ததும் கடைக்குப் போய், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, நூற்கட்டுநர் அம்மணி சொன்னபடியே ஃபாரம் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு தலைப்புப் பக்கங்களிலும் 1855 என்றே இருக்கிறது. ஃபாரங்களில் குறை ஒன்றும் இல்லை. முன்தலைப்புத் தாள் முதற் பாகத்தில் இருக்கிறது, இரண்டாம் பாகத்தில் இல்லை. தாளின் மூலை துணியைப் போல வளைந்தது. முன்தலைப்புத் தாள் இல்லாததைக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் 1,500 குரோனருக்குத் தந்தார்.

லைப்சிக் நண்பரின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. அந்த 1847 பாகங்களைத் தேடிக்கொண்டே இருப்பேன். படம் கேட்காமல் வாங்க மாட்டேன். ஆனால் முதலில் என் வீட்டுக்கு வர வேண்டியது, நான் கற்ற மொழியில் அவர் தாமே பேசிய இந்த நூல்தான் என்று மனம் சொல்லிவிட்டது.

இரவு பென்சில் குறிப்புகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் சின்னச் சின்னக் கோடுகள். மிக அழுத்தமான கோடு நூலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆண்டர்சனின் தந்தை, டிராம்பே என்ற பிரபுவின் சவப்பெட்டியைத் தாங்கிய மரச் சட்டங்களை வாங்கி வந்து, தமக்குத் திருமணக் கட்டில் செய்துகொண்டார். அதில் கறுப்புத் துணியின் துண்டுகள் அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தன என்று வரும் இடம் அது. அந்தக் கட்டிலில்தான் 1805 ஏப்ரல் 2ஆம் நாள் குழந்தை பிறந்தது. கோடு போட்டவர் பெயர் எழுதியவர்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. முதுகுத் தோலை மட்டும் ஒட்டித் தரும்படி அடுத்த வாரம் ஒரு கட்டுநரிடம் கொடுக்கப் போகிறேன். அழிப்பானை மேசையிலிருந்தே எடுத்துவிட்டேன்.